பழைய பத்திரிகைப் பகுதியில் மூன்று நாள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஒரு பொது நூலகத்தின் மேல்மாடியில் பழைய பத்திரிகைப் பகுதி என்று ஓர் அறை இருக்கிறது. போன மாதம் என் பேத்தியோடு மூன்று நாள் அங்கே போய் இருந்தேன். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போகிறேன். அங்கே வேலை செய்பவர்கள் இரண்டே பேர். தங்கள் கையில் இல்லாத குறைகளுக்காக அவர்களை யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்பதால் நூலகத்தின் பெயரைப் போடவில்லை. உங்கள் ஊர் நூலகத்திலும் இப்படி ஓர் அறை பூட்டியபடி இருக்கலாம், ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பேத்தி உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். வெவ்வேறு ஜனாதிபதித் தேர்தல்களில் நின்ற இரண்டு வேட்பாளர்களை ஒப்பிட்டு எழுதச் சொல்லி ஓர் ஒப்படை. அவள் எடுத்தது 1982இல் நின்ற குமார் பொன்னம்பலத்தையும், 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனையும். போனில் தேடி இரண்டு இலக்கங்களை எடுத்து வைத்திருந்தாள். குமாருக்கு 173,934 வாக்குகள், அரியநேத்திரனுக்கு 226,343. அதைக் கொண்டு, "ஆகவே அரியநேத்திரனே கூடுதலான ஆதரவைப் பெற்றவர்" என்று கொப்பியில் எழுதியும் விட்டாள்.

முப்பது வருடத்துக்கு மேல் இதே பாடத்தைப் படிப்பித்தவள் நான். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 1982இல் செல்லுபடியான வாக்குகள் ஏறக்குறைய 65 இலட்சம், 2024இல் 133 இலட்சம். வீதத்தில் பார்த்தால் குமாருக்கு 2.67, அரியநேத்திரனுக்கு 1.70. இதைச் சொன்னதும் அவள் வரியை வெட்டிவிட்டு, "அப்ப குமார்தான் கூட, என்ன அம்மம்மா?" என்றாள். அதுவும் விடை இல்லை. ஒரு வேட்பாளர் எத்தனை வாக்கு எடுத்தார் என்பதை, அவரோடு அந்த வாக்குச்சீட்டில் வேறு யார் யார் இருந்தார்கள், யார் நிற்காமல் விட்டார்கள், அந்த வருடம் தோட்டத்தில் என்ன விலை போனது என்பதையெல்லாம் விட்டுவிட்டுத் தனியே எடுத்து நிறுக்க முடியாது. அதற்கு முழுப் பக்கம் வேண்டும். போனில் வருவது துண்டு.

எங்கள் வீட்டிலேயே அந்தப் பக்கங்கள் ஒருகாலம் இருந்தன. ஐயா தேர்தல் நேரத்துப் பேப்பர்களைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் கடைசியில் போர் நெருங்கி, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது அடையாள அட்டை, உறுதிகள், கொஞ்சம் அரிசி, இவ்வளவுதான் கையில் வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது பெட்டியும் இல்லை, பெட்டி இருந்த அறைக்குக் கூரையும் இல்லை. ஆகவே நூலகத்தை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

முதலில் நடைமுறை. காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், பின்னேரம் 4.30க்குப் பூட்டு. அங்கத்தவர் அட்டை இல்லாதவர்களும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம். கீழே மேசையில் ஒரு படிவம் தருவார்கள். எந்தப் பத்திரிகை, எந்த வருடம், எந்த மாதம் என்று நிரப்பிக் கொடுத்தால் மேலே கொண்டுவந்து தருவார்கள். வாசிக்கக் காசு இல்லை. பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும். பைண்ட் பண்ணிய கட்டுகளைப் போட்டோக்கொப்பி எடுக்க விடுவதில்லை, அது சரியான ஒழுங்கு. முதுகை விரித்து இயந்திரத்தில் அழுத்தினால் அந்தத் தாள் அன்றோடு முடிந்தது. போனில் படம் எடுக்கலாம், ஆனால் அதற்குத் தனியே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு கட்டுகள் தருவார்கள். இந்த ஓர் ஒழுங்குக்காகவே அந்த இடத்துக்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன். மேசை நீளமானது, பழைய பலா மரத்து மேசை. 1982 ஒக்டோபரை இடது பக்கத்திலும் 2024 செப்டெம்பரை வலது பக்கத்திலும் விரித்து வைத்துவிட்டு, நடுவில் கொப்பியோடு பேத்தியை இருத்தினேன். ஒப்பிடுவது என்றால் என்ன என்று நான் வகுப்பில் பல வருடம் கத்தி விளங்கப்படுத்தியதை அந்த மேசை பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தியது.

1982 கட்டு யாரோ ஒரு வைத்தியரின் குடும்பம் கொடுத்ததாம். தாள் தேத்தண்ணிச் சாய நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரத்தைத் தொட்டால் பொரிகிறது. பக்கங்களுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இராமபாணப் பூச்சி பூந்து நீள நீளமாகத் தின்றிருக்கிறது. தைத்தவர் உள்ளோரத்தை இறுக்கித் தைத்ததால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பத்தியின் பாதி எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டன. அந்தப் பத்தியை வாசிக்க நான் தாளை மெல்லத் தூக்கிப் பிடிக்க, பேத்தி தலையைச் சரித்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினோம்.

அந்தத் தேர்தல் 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி, ஒரு புதன்கிழமை. நாட்டில் முதல் முறையாக மக்கள் வாக்குப் போட்டு ஜனாதிபதியைத் தெரிவு செய்த தேர்தல். சீட்டில் ஆறு பேர்தான். அப்போது ஆட்சியில் இருந்த ஜே.ஆர். ஜயவர்தன, ஹெக்டர் கொப்பேகடுவ, ரோஹண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார. நிற்காதவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று பேத்திக்குச் சொன்னேன். முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமையை 1980இல் பறித்திருந்தார்கள், அவர் நிற்க முடியாமல்தான் கொப்பேகடுவ வந்தார். தமிழர் விடுதலைக் கூட்டணி, 1977இல் 18 ஆசனம் எடுத்த கட்சி, வேட்பாளர் எவரையும் நிறுத்தவில்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள் சின்னத்தில் குமார் வந்தார்.

முடிவுகள் வந்த நாளின் பேப்பரைப் புரட்டினோம். யாழ்ப்பாண மாவட்ட அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீள்சதுர ஓட்டை. பிளேட்டால் நேராக வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓட்டைக்குள்ளால் அடுத்த பக்கத்து விளம்பரம் தெரிந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தோம், பின்பக்கத்தில் மரண அறிவித்தல்கள், அதிலே ஒரு படத்தின் பாதி முகமும் போயிருந்தது. வெட்டியவருக்கு வேண்டியிருந்தது எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தேர்தல் அட்டவணைக்காக வெட்டியிருந்தால் மனம் கொதிக்கும். தகப்பனின் படத்துக்காக வெட்டியிருந்தால் என்ன சொல்வது?

கீழே போய்ச் சொன்னேன். அங்கே இருக்கும் தம்பி நான் படிப்பித்த பிள்ளை இல்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்தே ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். "உதைப் போன வருசமும் ஒரு ஆள் வந்து சொன்னவர் ரீச்சர். கொஞ்சம் பொறுங்கோ" என்று உள்ளே போனவர், தேர்தல் திணைக்களம் அந்தத் தேர்தலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் பிரதி ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். ஆங்கிலப் பிரதி. பட்டியலில் அது இல்லை. அவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருந்ததால்தான் எங்கள் கைக்கு வந்தது.

யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் 87,263 வாக்குகள், 40.03 வீதம், முதலாம் இடம். கொப்பேகடுவ 77,300, 35.46 வீதம். ஜே.ஆர். 44,780, 20.54 வீதம். வாக்குப் போடப் போனவர்களே மாவட்டத்தில் பாதிக்குக் குறைவு.

பேத்தியின் பென்சில் இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. "கொப்பேகடுவவுக்கு யாழ்ப்பாணத்தில 35 வீதமோ? அவர் ஆர் அம்மம்மா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டுக்குள் இருந்தது. கொப்பேகடுவ 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசாங்கத்தில் விவசாய, காணி அமைச்சர். அந்தக் காலத்தில் செத்தல் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்தார்கள். செம்மண் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். எங்கள் கல்வீடு 1975இல் எழும்பியது முழுக்க மிளகாய்க் காசில். 1977இல் ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு, மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்பினால் லொறிக் கூலிக்கும் காணாது என்ற நிலை வந்தது. ஆனால் அதே சிறிமாவோ அரசாங்கம்தான், பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழி பார்த்துச் சரிக்கட்டும் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. என் அண்ணாவுக்குப் பொறியியல் பீடம் கிடைக்காமல் போனது அதனால்தான். ஒரே அரசாங்கம் ஐயாவுக்கு வீடு கட்டித் தந்தது, அண்ணாவைப் பல்கலைக்கழக வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியது.

அந்த ஒக்டோபரில் எங்கள் குசினிக்குள் நடந்த சண்டை இன்னும் காதில் இருக்கிறது. "மிளகாய் வித்த காசில கட்டின வீட்டுக்குள்ள இருந்துகொண்டு நான் யானைக்குப் போடுவனோ? கைக்குத்தான்" என்று ஐயா. யானை ஜே.ஆரின் சின்னம், கை கொப்பேகடுவவின் சின்னம். "என்னைக் கம்பஸ் வாசலில நிப்பாட்டினதும் உந்தக் கைதானே ஐயா" என்று அண்ணா. அம்மா ஒன்றும் சொல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. எனக்கு அப்போது இருபது வயது. யாழ்ப்பாண நூலகம் எரிந்து பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது. ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். அந்தக் கருகிய கட்டடத்தைக் கடந்துதான் நான் பஸ்சுக்குப் போவேன். சைக்கிளுக்குப் புள்ளடி போட்டேன். வெல்லமாட்டார் என்று தெரிந்துதான் போட்டேன். அந்த 87,263இல் ஒன்று என்னுடையது, 77,300இல் ஒன்று ஐயாவுடையது என்று சொல்லி, அறிக்கையில் இரண்டு இலக்கங்களையும் பேத்திக்குத் தொட்டுக் காட்டினேன். அவள் சிறிது நேரம் எழுதவில்லை.

இனி வலது பக்கத்துக் கட்டு. 2024 செப்டெம்பர் இன்னும் பைண்டிங்குக்குப் போகவில்லை, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. போட்டியில் 38 பேர். வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். தமிழ்க் கட்சிகள் சிலவும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய பொது வேட்பாளர். அவருடைய சொந்தக் கட்சியான தமிழரசுக் கட்சியோ எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. குமார் பொன்னம்பலத்தின் மகன் கஜேந்திரகுமாரின் கட்சி தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. தகப்பன் 1982இல் சைக்கிள் சின்னத்தில் இறங்கி நின்ற அதே ஜனாதிபதித் தேர்தலில், 2024இல் மகன் வாக்கே போட வேண்டாம் என்றார். குமாரை 2000 ஜனவரி 5ஆம் திகதி வெள்ளவத்தையில் சுட்டுக் கொன்றார்கள். இடையில் என்னென்ன நடந்தன என்பதை ஒப்படையில் ஒரு பந்தியாவது எழுத வேண்டும் என்று சொன்னேன். அவள் இரண்டு பக்கம் எழுதினாள்.

யாழ்ப்பாணத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688. இடைவெளி நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கிட்ட. வீதத்தில் 32.60, 31.39. ரணில் விக்கிரமசிங்க 22.75, அநுர குமார திசாநாயக்க 7.29. இரண்டு கட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பேத்தி தானாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதைக் கண்டபோது எனக்கு வகுப்பில் நின்ற நாட்கள் திரும்பி வந்ததுபோல இருந்தது. குமார் கொழும்பில் தொழில் பார்த்த சட்டத்தரணி, ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் மகன். மட்டக்களப்போடு அவருக்கு ஒட்டில்லை. ஆனால் 1982இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஜே.ஆருக்குச் சற்றே பின்னால் இரண்டாம் இடம் அவருக்குத்தான். அரியநேத்திரன் மட்டக்களப்பு மண்ணிலே பிறந்து அங்கிருந்தே பாராளுமன்றம் போனவர். யாழ்ப்பாணத்தில் 31 வீதம் எடுத்தவருக்குச் சொந்த மாவட்டத்தில் 12 வீதம்கூடக் கிடைக்கவில்லை, நாலாம் இடம். "அப்ப ஊர் பாத்துப் போடேல்லை சனம்" என்றாள். அந்த வரியை அப்படியே எழுது என்றேன். நல்ல தமிழில் மாற்றி எழுதியிருக்கிறாள், எனக்கென்றால் முதலில் சொன்னதுதான் பிடித்தது.

ஏன் என்று என்னைக் கேட்டால், கிழக்கில் அந்த நாற்பது வருடத்தில் நடந்தவை வேறு, அங்கே தமிழ் வாக்கும் முஸ்லிம் வாக்கும் நிற்கும் கணக்கு வேறு. மூன்று நாள் பேப்பர் பார்த்துவிட்டு அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆயத்தமில்லை.

இரண்டாம் நாள் நாங்கள் கேட்காத ஒன்றை அந்தத் தம்பி செய்தார். "ரீச்சர், 82 டிசம்பர்க் கட்டையும் எடுத்து வைக்கவோ? விளக்கு, குடம் அதிலதான் வரும்" என்றார். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டு மாதத்தில், டிசம்பர் 22இல், பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்ட ஜே.ஆர். சர்வசன வாக்கெடுப்பு வைத்தார். நீட்டலாம் என்றால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். ஒக்டோபரில் சைக்கிள், கை, யானை என்று மூன்றாகப் பிரிந்த யாழ்ப்பாணம் டிசம்பரில் ஒன்றாகச் சேர்ந்து குடத்துக்குப் போட்டது. நாட்டில் விளக்கு வென்றது. ஐயாவும் அண்ணாவும் ஒரே சைக்கிளில் வாக்குப் போடப் போய் வந்தது அன்றைக்குத்தான். இப்படி ஒன்றைத் தானாக நினைத்து எடுத்துத் தரும் ஆள் இருக்கும் நூலகம், நூறு கணினி வைத்த நூலகத்தை விட எனக்குப் பெரிது.

அதன் பிறகு ஒப்படைக்குத் தேவையில்லாவிட்டாலும் மற்றக் கட்டுகளையும் கேட்டோம். 2005க்கு யாழ்ப்பாண அட்டவணையில் பார்க்க ஒன்றுமில்லை. புலிகளின் புறக்கணிப்பும் பயமும் சேர்ந்து வாக்களிப்பு 1.21 வீதம். மகிந்த ராஜபக்ச நாடு முழுவதிலும் வென்றது ஏறக்குறைய 1,80,000 வாக்கு வித்தியாசத்தில். அந்த இரண்டு இலக்கங்களையும் நான் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தேன். விளக்கம் சொல்லவில்லை.

அன்னம் சின்னத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் சஜித் பிரேமதாச, மூன்று பேரும் வந்தது அன்னத்தில். யாழ்ப்பாணத்தில் அன்னத்துக்கு முறையே 63.84, 74.42, 83.86 வீதம். ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. பொன்சேகா யார்? எட்டு மாதத்துக்கு முன் முடிந்த போரை நடத்திய தளபதி. அவருக்குப் போடச் சொல்லித் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்டது. என்னால் முடியவில்லை, அந்த முறை நான் வாக்குச்சாவடிக்குப் போகவே இல்லை. மாவட்டத்தில் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் போயிருக்கிறார்கள். 2015 ஜனவரி 8ஆம் திகதி விடிய ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றேன். மைத்திரிபாலவைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மகிந்த போக வேண்டும் என்பது தெரியும்.

இந்த மூன்று பேரையும் தனித்தனி ஆட்களாக எடுத்து, யார் நல்லவர், யார் என்ன சொன்னார் என்று ஒப்பிட்டால் ஒன்றும் பிடிபடாது. எதிர்ப்பக்கத்தில் யார் என்று பாருங்கள். 2010, 2015 மகிந்த, 2019 கோட்டாபய. மூன்று முறையும் ராஜபக்ச குடும்பம். 2022இல் கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். 2024இல் நாமல் ராஜபக்ச எடுத்தது 2.57 வீதம். பயப்பட ஆள் இல்லாத முதல் தேர்தலில், அன்னத்தை விட்டுத் தொலைபேசிச் சின்னத்தில் வந்த அதே சஜித்துக்கு யாழ்ப்பாணம் 32.60 வீதம்தான் கொடுத்தது. ஐந்து வருடத்தில் 83.86 இலிருந்து 32.60. ஆள் மாறவில்லை. இதைப் பேத்தி வரைபடமாக வரைந்தபோது கோடு மலையேறிப் பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்து, பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழும்பி வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்.

அநுரவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2019இல் நாடு முழுவதும் 3.16 வீதம் எடுத்தவர் 2024இல் 42.31 எடுத்து ஜனாதிபதியானார். யாரும் பாதியைத் தாண்டாததால் முதல் முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அதில் அவருக்கு மேலதிகமாக ஒரு இலட்சத்துச் சொச்சம், சஜித்துக்கு ஒரு இலட்சத்து அறுபத்தேழாயிரம். யாழ்ப்பாணத்தில் அநுரவுக்கு செப்டெம்பரில் 7.29 வீதம். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி இங்கே முதலாம் இடம், ஆறு ஆசனத்தில் மூன்று. இரண்டு மாதம்! அந்த நவம்பர்க் கட்டு அன்று கிடைக்கவில்லை, வேறு யாரோ வாங்கி வைத்திருந்தார்கள்.

இனிக் குறைகள். மேல்மாடிக்குப் படி மட்டும்தான், கைபிடி ஒரு பக்கம் ஆடுகிறது. முழங்கால் நோ உள்ளவர்கள் கீழே இருந்து கேட்டால் கட்டைக் கீழே கொண்டுவந்து தருவார்கள் என்று மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அதை எழுதி ஒட்டி வைத்திருக்கலாம். மத்தியானம் 12.30 முதல் 1.30 வரை அறையைப் பூட்டிவிடுவார்கள், விரித்த கட்டை மூடிக் கொடுத்துவிட்டு வெளியே போய், திரும்பி வந்து மறுபடி படிவம் நிரப்ப வேண்டும். பட்டியல் கட்டு இலக்கப்படி இருக்கிறது, திகதிப்படி இல்லை. அதனால் எந்தத் தேர்தல் எந்தக் கட்டில் என்று அந்தத் தம்பியின் தலைக்குள்தான் இருக்கிறது. அவருக்கு இடமாற்றம் வந்தால் அறையே ஊமையாகிவிடும். அவரை இருத்தி வைத்து ஒரு கொப்பியிலாவது எழுதுவித்து எடுக்க வேண்டும் என்று பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மேசைக்கு நேர் மேலே. வேகத்தைக் கூட்டினால் தாள் பறக்கிறது, குறைத்தால் வேர்வை தாளில் விழுகிறது. கைலேஞ்சி ஒன்று கட்டாயம் கொண்டு போங்கள், தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஒப்படையோடு போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. வருடத்தை மட்டும் எழுதிக் கொடுக்காமல், தேர்தலுக்கு முதல் மாதம், தேர்தல் மாதம், அடுத்த இரண்டு மாதம் என்று நாலையும் எழுதிக் கேளுங்கள். சந்தை விலை வரும் மூலையையும் பாருங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. படியும் பட்டியலும் சரியானால் ஐந்து.

மூன்றாம் நாள் பின்னேரம் பேத்தி ஒரு வேலை பார்த்தாள். திணைக்கள அறிக்கையிலிருந்து யாழ்ப்பாண மாவட்ட அட்டவணையை, ஆறு பெயரையும் ஆறு இலக்கத்தையும், வெள்ளைத் தாளில் தன் அழகான எழுத்தில் தமிழில் எழுதி, அந்த ஓட்டையின் அளவுக்கு அடிமட்டம் வைத்து வெட்டினாள். தம்பியிடம் கேட்டோம். பசை போடக் கூடாது என்றார். ஆனால் தாளை வாங்கி, எங்கிருந்து எடுத்தது என்று பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து, திகதி போட்டு, தன் சுருக்கக் கையெழுத்தும் வைத்து, அந்தப் பக்கத்துக்குள் வேப்பிலையோடு சேர்த்து வைத்தார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் நடந்த 1988 டிசம்பர்க் கட்டை எடுத்து வைப்பாராம்.